பழுப்பு நிலக்கரியும் புழுங்கலரிசியும்: கலோரிக் கணக்கு பற்றி ஒரு குறிப்பு

நெய்வேலி பழுப்பு நிலக்கரி ஒரு கிலோவை எரித்தால் சுமார் 2,600 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். நம் வீட்டுப் புழுங்கலரிசி ஒரு கிலோவில் சுமார் 3,500 இருக்கிறது. கடலை எண்ணெய் ஒரு கிலோ என்றால் 9,000. எடைக்கு எடை பார்த்தால், கொதிகலனுக்குப் போகும் கரியைவிட நம் அரிசி மூட்டையில்தான் எரிசக்தி அதிகம். சாப்பாட்டுப் பேச்சில் 'கலோரி' என்று சொல்வது உண்மையில் இந்தக் கிலோகலோரியைத்தான். இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன்.

இதை எழுதக் காரணம் எங்கள் பள்ளி செட் வாட்ஸ்அப் குழு. எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. பாதிப் பேர் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்து இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். போன மாதம் ஒருவர் '30 நாளில் 10 கிலோ' என்று ஒரு போட்டியை ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிதான், செயலியில் பதிவு செய்து ஸ்கிரீன்ஷாட் போட வேண்டும். சேர்ந்தவர்களில் குறைந்தது மூன்று பேர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள். மறுபக்கம், 'கலோரி எல்லாம் சும்மா, அரிசியை நிறுத்தினா போதும்' என்று இன்னொரு அணி.

நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு கோடு எழுதுகிறவன். ஓய்வு நேரத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது பழக்கம். படித்ததில் எனக்குப் புரிந்தது இது: கலோரி என்ற அலகு உண்மையானது, ஆனால் சாப்பாட்டுத் தட்டில் வைத்து அதை அளக்க நம்மிடம் இருக்கும் மீட்டர் மிகவும் கரடுமுரடானது. அந்த மீட்டரை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த 30 நாள் கணக்கு

உடலில் ஒரு கிலோ கொழுப்புத் திசு குறைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்பது வழக்கமான வாய்ப்பாடு. பத்து கிலோவுக்கு 77,000. முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 2,567.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு ஒரு நாள் தேவையே 2,110 கலோரி. 55 கிலோ பெண்ணுக்கு 1,660. 80 கிலோ ஆளுக்குக் கொஞ்சம் கூடும், ஆனால் கதை மாறாது. அதாவது முப்பது நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் பத்து கிலோ கொழுப்பு கரையாது.

'எனக்கு முதல் வாரத்துலயே ரெண்டு கிலோ குறைஞ்சுதே' என்பார்கள். குறைந்திருக்கும். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் நானூறு, ஐந்நூறு கிராம் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் முதலில் காலியாவது இதுதான். மறுபடி இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்.

கலோரியை எப்படி அளக்கிறார்கள்

நிலக்கரியை அளக்கும் கருவியின் பெயர் பாம்ப் கலோரிமீட்டர். கெட்டியான எஃகு டப்பாவுக்குள் சிறு மாதிரியை வைத்து, ஆக்சிஜனை அழுத்தி நிரப்பி, மின்பொறியால் பற்ற வைப்பார்கள். சுற்றியிருக்கும் தண்ணீர் எத்தனை டிகிரி சூடாகிறது என்று பார்த்தால் வெப்பம் தெரிந்துவிடும். உணவுக்கும் இதே கருவிதான்.

ஆனால் டப்பாவில் எரிவது வேறு, கொதிகலனில் எரிவது வேறு. நெய்வேலிக் கரியில் கிட்டத்தட்ட பாதி ஈரம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும், ஆவி புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். அதனால்தான் மின் நிலையத்தார் மொத்த எரிதிறன், நிகர எரிதிறன் என்று இரண்டு எண்கள் வைத்திருக்கிறார்கள்.

உடம்புக்கும் இதே பிரச்சினை. 1890-களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்பவர் இதில் உட்கார்ந்தார். ஆளையே ஒரு அறைக்குள் நாள்கணக்கில் வைத்து, உள்ளே போகும் உணவு, வெளியே வரும் வெப்பம், கழிவு எல்லாவற்றையும் அளந்தார். புரதம் ஒரு கிராமை டப்பாவில் எரித்தால் 5.65 கலோரி. ஆனால் உடம்பு புரதத்தை முழுசாக எரிக்காது, மிச்சம் யூரியாவாகச் சிறுநீரில் போகிறது. செரிக்காமல் போவதையும் கழித்தால் சுமார் 4. இப்படித்தான் மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9, புரதத்துக்கு 4 என்ற எண்கள் வந்தன. இன்றைக்கும் பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் கணக்குக்கு அடிப்படை இதுதான்.

இவை சராசரி எண்கள். தனித்தனி உணவுக்குப் பொருத்தினால் சறுக்கும். 2012-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பாதாமை ஆட்களுக்குக் கொடுத்து அளந்து பார்த்தார்கள். 28 கிராமுக்கு சுமார் 170 வர வேண்டியது, உடம்புக்குக் கிடைத்தது 129. நாம் மென்று உடைக்காத செல்களுக்குள் இருக்கும் கொழுப்பு அப்படியே வெளியே போய்விடுகிறது. அதற்காகப் பண்ருட்டி முந்திரியை அள்ளி அள்ளிச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை, 100 கிராமில் 550-க்கு மேல் இருக்கிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணை ஒற்றை இலக்கம் வரை நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

குன்னூரில் போட்ட அட்டவணை

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கான கலோரி அட்டவணை பிறந்தது நீலகிரியில். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக 1935-இல் வந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை எல்லாம் அதில் எண்ணாக மாறின. அந்த ஆய்வுக்கூடம்தான் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 2017-இல் அவர்கள் வெளியிட்ட புதிய அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன.

அய்க்ராய்டின் கவலை எடை குறைப்பது இல்லை. ஏழை வீட்டுக்குச் சாப்பாடு போதுமா என்று பார்க்கத்தான் அந்த அட்டவணை. அவர் பின்னாளில் வங்கப் பஞ்சத்தை விசாரித்த குழுவிலும் உறுப்பினராக இருந்தார். ஒரு கிராமத்துக்கு, ஒரு விடுதிக்கு, ஒரு மாவட்டத்துக்கு மாதக் கணக்கில் போட்டால் அந்த எண்கள் நன்றாக வேலை செய்யும். தனி ஆளின் ஒரு வேளைத் தட்டுக்குப் போடும்போதுதான் ஆட்டம் காண்கிறது.

இப்போது பிரச்சினை தலைகீழ். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கு எடை அதிகம்.

ஈரக் கணக்கு

செயலியில் எல்லோரும் சறுக்கும் இடம் இது. 100 கிராம் அரிசியில் 350 கலோரி. அதை வடித்தால் தண்ணீர் குடித்து 250, 300 கிராம் சோறாகும். ஆக 100 கிராம் சோற்றில் 120, 130 கலோரிதான். 'ரைஸ், 100 கிராம்' என்று தட்டினால் செயலி எதைக் காட்டுகிறது? அரிசியா, சோறா? ஒரே தேர்வில் கணக்கு மூன்று மடங்கு மாறிவிடும். கரியை 'வந்தபடி' எடை போட்டதா, காயவைத்து எடை போட்டதா என்று கேட்காமல் யாரும் வெப்ப மதிப்பு பேசுவதில்லை. சாப்பாட்டுக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய். தோசைக்கு ஊற்றியது எத்தனை கிராம், தாளிப்பில் எத்தனை, பொரியலில் எத்தனை? சமைத்தவருக்கே தெரியாது. ஒரு மேசைக்கரண்டி கூடினால் 120 கலோரி ஏறிவிடும்.

மூன்றாவது ஓட்டை நாம்தான். 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வு. 'நாங்க கம்மியாத்தான் சாப்பிடுறோம், ஆனா எடை குறையல' என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் உடல் உண்மையில் செலவழித்த ஆற்றலை அளந்தார்கள். எழுதி வைத்திருந்தது உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைவு. உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். குழந்தை தட்டில் மிச்சம் வைத்தது, டீக்கடையில் நின்றபடி சாப்பிட்ட ஒரு பஜ்ஜி, இதெல்லாம் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

தட்டை விட்டுவிட்டு மளிகை லிஸ்டைப் பாருங்கள்

என் யோசனை, மீட்டரை இடம் மாற்றி வைப்பது. ஒவ்வொரு வாயையும் எடை போடுவதற்குப் பதில், வீட்டுக்குள் மாதம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம். மின் நிலையத்துக்கு எத்தனை டன் கரி வந்தது என்று பார்ப்பது போல.

நான்கு பேர் வீடு, முப்பது நாள். மொத்தம் 120 ஆள்-நாள். உதாரணத்துக்கு ஒரு லிஸ்ட்:

அரிசி (இட்லி அரிசியும் சேர்த்து) 25 கிலோ: 87,500 கலோரி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 730.

எண்ணெய் 4 லிட்டர், அதாவது சுமார் 3.6 கிலோ: 32,800 கலோரி. ஆளுக்கு 273.

சர்க்கரை 3 கிலோ: 12,000 கலோரி. ஆளுக்கு 100.

மூன்றே பொருளில் 1,100 கலோரி வந்துவிட்டது. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணின் தேவையில் பாதிக்கு மேல், பெண்ணின் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. பால், பருப்பு, தேங்காய், கோதுமை, இட்லிக்கு உளுந்து, நொறுக்குத்தீனி இன்னும் சேரவில்லை.

குறைகளும் உண்டு. ஹோட்டல் சாப்பாடு இதில் வராது, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் யார் அதிகம் சாப்பிடுகிறார் என்றும் தெரியாது. ஆனால் எங்கே கை வைத்தால் பலன் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சமைக்கிறவர் கையில் தராசைக் கொடுத்து தினமும் மூன்று வேளை தொல்லை பண்ண வேண்டியதும் இல்லை. நம் வீடுகளில் அந்தச் சுமை பெரும்பாலும் மனைவி தலையிலோ அம்மா தலையிலோதான் விழும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

7,700 வாய்ப்பாடு எங்கே இடிக்கிறது

மேலே சொன்ன 7,700-இன் மூலம், 1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கட்டுரை. ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்றார். '30 நாளில் 10 கிலோ' நடக்காது என்று காட்ட இந்த வாய்ப்பாடு போதும். ஆனால் வருடக் கணக்கில் நீட்டினால் உதைக்கும்.

எண்ணெயை 4 லிட்டரிலிருந்து 3 லிட்டர் ஆக்குகிறீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 68 கலோரி குறைகிறது. வாய்ப்பாட்டின்படி ஒரு வருடத்தில் 3.2 கிலோ, பத்து வருடத்தில் 32 கிலோ குறைய வேண்டும். அப்படி நடப்பதில்லை. காரணம், எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும். சிறிய உடம்பைச் சுமக்கக் குறைந்த எரிபொருள் போதும். ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சமமாகி எடை நின்றுவிடும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு இதற்கு ஒரு கணித மாதிரி செய்து 2011-இல் லான்செட் இதழில் வெளியிட்டது. சுருக்கம் இதுதான்: நிரந்தரமாக ஒரு நாளைக்கு 24 கலோரி குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஒரு வருடம், 95 சதவீதம் குறைய மூன்று வருடம். ஆக அந்த ஒரு லிட்டர் எண்ணெய் மொத்தத்தில் சுமார் 2.8 கிலோவைக் குறைக்கும், முதல் வருடத்தில் 1.4 கிலோ. நம் செட்டில் யாருக்கும் இது கவர்ச்சியாகத் தெரியாது. ஆனால் இது நிஜமாக நடக்கக்கூடியது.

கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். எண்ணெயில் 68. மூன்று காபியில் தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரையை விட்டால் சுமார் 120. ஒரு நாளைக்கு 35 கிராம் அரிசி, அதாவது ஒரு கரண்டி சோறு குறைத்தால் இன்னொரு 120. மொத்தம் 300 சொச்சம். ஹால் கணக்கில் ஆறு மாதத்தில் மூன்றரை, நான்கு கிலோ. 80 கிலோ ஆளுக்கு இது ஐந்து சதவீதம். அதற்குப் பிறகு வேகம் குறையும். அப்போது 'இது வேலை செய்யல' என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, விட்டால் எடை திரும்பி வரும்.

வெயிட் மெஷின் மட்டும் மீட்டர் இல்லை

தினசரி எடை ஒரு கிலோ மேலே கீழே ஆடும். உப்பு, தண்ணீர், மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிடாய் என்று பல காரணங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர், 1991-இல் எழுதிய எடைக் குறைப்புப் புத்தகத்தில் நகரும் சராசரியைத்தான் முக்கிய ஆயுதமாக வைத்தார். சர்வர் லோடு பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானது இடுப்பளவு. நம் உடல்வாகில் எடை சாதாரணமாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகமாக இருக்கும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் 2004-இல் தங்களையே அளந்து லான்செட்டில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒரே அளவு, 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள். இடுப்பளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தையல் டேப் ஒன்று போதும்.

எடை குறையாவிட்டால் எல்லாம் வீண் என்றும் நினைக்க வேண்டாம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சுமார் மூன்று வருடத்தில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 39.3 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க

இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். வண்டி ஓட்டும்போது மயக்கம் வந்தால் என்ன ஆகும்? பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வில் ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் கொடுத்து, ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது உண்மைதான். ஆனால் அங்கே இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவே இல்லை. மற்றவர்களின் சர்க்கரை மாத்திரையை முதல் நாளே நிறுத்தி, தொடர்ந்து கண்காணித்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட்டுச் செய்கிற காரியம் இல்லை அது. எங்கள் குழுவில் அந்த மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

சரி, என்ன செய்யலாம்?

ஒரு மாதம் மளிகை லிஸ்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். வேண்டுமானால் இரண்டு வாரம் மட்டும் செயலியில் எழுதிப் பாருங்கள். அதில் வரும் மொத்த எண்ணை நம்ப வேண்டாம், எது பெரியது என்று மட்டும் பாருங்கள். மேலே இருக்கும் இரண்டு, மூன்று பொருளில் கொஞ்சம் குறையுங்கள். அரிசியை நிறுத்தவே வேண்டாம், கால் பங்கு எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூட்டு, பொரியல், சுண்டல், முட்டை, கடலூர் மீன் என்று வையுங்கள். புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் பசி தாங்கும். பலாச்சுளை 100 கிராமில் நூறு கலோரிக்குள்தான், நாலு சுளையோடு நிறுத்திக்கொண்டால் சீசனை விட வேண்டியதில்லை.

தினமும் அரை மணி நேரம் நடங்கள். நம் டவுன்ஷிப் மாதிரி மரநிழல் சாலை எல்லா ஊரிலும் கிடைக்காது. இங்கே இருக்கிறவர்கள் அதைப் பயன்படுத்தாமல் இருப்பது அநியாயம். ஆனால் நடந்துவிட்டோம் என்று வடைக்குக் கணக்கு எழுதாதீர்கள். 70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் கூடுதலாகச் செலவாவது நாற்பது கலோரிக்குள்தான்.

வாரம் ஒரு முறை ஏழு நாள் சராசரி எடை, மாதம் ஒரு முறை இடுப்பளவு. இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் சரியான வழியில் போகிறீர்கள், அப்படியே தொடருங்கள். ஆடவே இல்லை என்றால் மறுபடி மளிகை லிஸ்டை எடுத்து, ஹோட்டல் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.